கையை உதறுகிறான்: பள்ளியும் தெரபி சென்டரும் நிறுத்தச் சொல்கிறார்கள், நிறுத்தத்தான் வேண்டுமா?

பொன்மலை அம்மா (திருச்சி):

வணக்கம். என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு உண்டு, ஆனால் தனக்கு வேண்டியதைக் கேட்கிற அளவுக்குத்தான். பஸ் என்றால் உயிர். "ஒன்னாம் நம்பர், ஸ்ரீரங்கம், சத்திரம், சென்ட்ரல்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். பஸ் திரும்பி வருவது தெரிந்ததும் இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கி உதறுவான், குதிகால் தரையில் நிற்காது. அந்த நேரத்தில் அவன் முகத்தில் தெரிகிற சந்தோஷத்தை வேறு எப்போதும் பார்க்க முடியாது.

அந்தக் கைதான் இப்போது எல்லோருக்கும் பிரச்சினை. தெரபி சென்டரில் அவன் உதறும்போதெல்லாம் இரண்டு கையையும் பிடித்துத் தொடை மேல் வைத்து அழுத்துகிறார்கள். "என்னைப் பார், என்னைப் பார்" என்று சொல்லி, அவன் கண்ணைப் பார்த்தால் ஒரு மிட்டாய். கண்ணாடிக் கதவு வழியாக நான் பார்த்தபோது மிட்டாயை வாயில் வைத்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தான். பள்ளியில் காலைப் பிரார்த்தனையின்போது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அவர்கள் வரிசை. தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது காதைப் பொத்திக்கொள்கிறான். மரியாதை இல்லை, வீட்டில் சொல்லிக் கொடுங்கள் என்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது புதிதாக ஒன்று. வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உதறுகிறான். முன்பெல்லாம் கூடத்தில் எங்கள் முன்னால்தான் செய்வான்.

ஆவணியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். "நாலு பேர் முன்னாடி இப்படிச் செஞ்சா என்ன நினைப்பாங்க, அதுக்குள்ள எப்படியாவது நிறுத்திடு" என்கிறார் என் மாமியார். அவருக்கு அவன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. அவனுக்குக் கடுகு ஆகாது என்று தாளிக்காமல் தயிர் சாதம் பிசைந்து தருவதே அவர்தான். அவரும் பயந்துதான் சொல்கிறார்.

என் கேள்வி இதுதான். எதை மாற்ற வேண்டும், எதை அப்படியே விட வேண்டும்? விட்டால் நாளைக்கு அவன் கஷ்டப்படுவானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செட்டிநாட்டு அப்பா (காரைக்குடி):

சகோதரி, என் மகன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. சின்ன வயதில் கண்டிப்பாகப் பயிற்சி கொடுத்தோம். இன்றைக்கு வகுப்பில் முழு நாளும் உட்காருகிறான், கை ஆடாது, கேட்டால் பதில் சொல்வான். பார்த்தால் யாருக்கும் வித்தியாசமே தெரியாது. நாம் இருக்கிற வரைக்கும் நாம் தாங்கிக்கொள்வோம். நமக்குப் பிறகு? பஸ்ஸில் ஒருவன் கையை உதறினால் நம் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். உலகம் நம் பிள்ளைக்காக மாறப் போவதில்லை. சென்டர்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள். மனசு கஷ்டப்படும்தான், ஆனால் பிற்பாடு நன்றி சொல்வீர்கள்.

புலப்படம் (மதுரை):

பொன்மலை அம்மா, எனக்கு முப்பத்து மூன்று வயது. எனக்கே ஆட்டிசம் உண்டு. இருபத்தெட்டு வயதில்தான் உறுதி செய்தார்கள். நில அளவைப் புலப்படங்களைக் கணினியில் ஏற்றுகிற ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பழைய புலப்படத் தாளில் உள்ள கோடும் அளவும் திரையில் ஏறியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. உதறுவது நிற்கவில்லை பாருங்கள். ஒளிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். ஒளிப்பது என்றால் என்ன, அதற்கு எவ்வளவு செலவாகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் பெண்ணாகப் பிறந்ததால் சின்ன வயதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பேசாமல் இருந்தால் அடக்கமான பொண்ணு. குனிந்த தலை நிமிராவிட்டால் அதற்கும் பாராட்டு. வயதுக்கு வந்த பிறகு சங்கதி மாறிவிட்டது. விருந்தாளி வந்தால் முகத்தைப் பார்த்து "வாங்க" என்று கேட்க வேண்டும், சிரிக்க வேண்டும், நின்று நாலு வார்த்தை பேச வேண்டும். "வாங்க, உட்காருங்க, காபி எடுத்துட்டு வரட்டுமா?" இதைப் பீரோ கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். கண்ணைப் பார்க்க முடியாது. அதனால் பெண்கள் என்றால் நெற்றிப் பொட்டைப் பார்ப்பேன். ஆண்கள் என்றால் விபூதி, அது இல்லாவிட்டால் மூக்குத் தண்டு. எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பொட்டில் பார்வையைப் பிடித்து வைத்திருக்கிற வரைக்கும் அவர்கள் பேசுவது எதுவும் மண்டையில் ஏறாது. ஜன்னல் கம்பியையோ தரையையோ பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு சொல் விடாமல் கேட்பேன். "போர்டைப் பார், என்னைப் பார்" என்று அதட்டிய டீச்சர்களின் பாடத்தில்தான் எனக்கு மார்க் குறைவு. உங்கள் மகன் மிட்டாய்க்காகக் கண்ணைப் பார்க்கும்போது, அந்த நேரத்தில் சொல்லித் தருகிற வேறு எதையாவது கற்றுக்கொள்கிறானா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மகனுக்குக் கை. எனக்குத் துப்பட்டா நுனி. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பேன். பருத்தி என்றால் நல்லது, சிந்தெடிக் என்றால் நகக்கண்ணில் கூசும். இதுகூட இல்லாமல் கூட்டமான அறையில் உட்காரச் சொன்னால் டியூப்லைட் இரைச்சல், மின்விசிறி, பக்கத்து நாற்காலியில் வளையல் சத்தம் எல்லாம் ஒரே அளவில் உள்ளே வரும். உருட்ட ஆரம்பித்தால் கொஞ்சம் அடங்கும். 2019-ல் ஸ்டீவன் காப் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமே கேட்டு ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கை உதறுவது, ஆடுவது போன்றவை தங்களை நிதானப்படுத்துகின்றன, தாங்க முடியாத அளவு உணர்ச்சி வரும்போது அதற்கு ஒரு வழி கொடுக்கின்றன என்றுதான் அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷமும் அப்படி ஒரு உணர்ச்சிதானே. பஸ் வரும்போது உங்கள் மகன் செய்வது அதுதான்.

முதல் வேலை ஒரு பெரிய அலுவலகத்தில். திறந்த கூடம், நாலு பக்கமும் போன், வெள்ளிக்கிழமை மாலையில் எல்லோரும் சேர்ந்து விளையாட்டு. நான் எல்லாவற்றிலும் கலந்துகொண்டேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். பழக்கத்துக்கு நல்ல பெண் என்று பெயர் வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் வாய் திறக்காது. பிடிவாதம் இல்லை, சொற்களே வராது. அம்மா தட்டை வைத்துவிட்டு என்ன கோபம் என்று கேட்பார், கோபம் இல்லை என்று சொல்லக்கூட முடியாது. ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவே முடியாமல் போனது. அதற்குப் பிறகு பல மாதம் வீட்டிலேயே இருந்தேன். குளிப்பதற்குக்கூட அம்மா நினைவுபடுத்த வேண்டியிருந்தது. வேலை கஷ்டம் என்று நான் அந்த வேலையை விடவில்லை. மற்றவர்களைப் போலத் தெரிவதற்கே தெம்பு அத்தனையும் போய்விட்டது, வேலைக்கு மிச்சம் இல்லை.

இப்போது இருக்கிற இடத்தில் என் மேசை சுவரைப் பார்த்து இருக்கிறது. வேலையை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவார்கள். டீ நேரத்தில் நான் வெளியே போகாவிட்டால் யாரும் கேட்பதில்லை. முதலாளிக்குப் பத்துப் பைசா செலவில்லை. காரைக்குடி ஐயா, உலகம் மாறாது என்றீர்கள். முழு உலகம் எப்படியோ போகட்டும், ஒரு மேசையைத் திருப்பிப் போட முடிந்ததால்தான் நான் இன்றைக்கு சம்பளம் வாங்குகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்குத்தான் மற்றவர்களைப் புரியவில்லை என்று பல காலமாகச் சொல்லி வந்தார்கள். டேமியன் மில்டன் என்று பிரிட்டனில் ஒரு சமூகவியலாளர் இருக்கிறார், அவருக்கும் ஆட்டிசம் உண்டு. புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012-ல் எழுதினார். பிறகு 2020-ல் கேத்தரின் கிராம்ப்டனும் உடன் ஆய்வாளர்களும் எடின்பரோவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் ஒரு கதையை அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அதற்கு அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையிலும், ஒருவருக்கும் ஆட்டிசம் இல்லாத வரிசையிலும் கதை ஒரே அளவுக்கு நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு வகையினரும் கலந்த வரிசையில்தான் வழியில் அதிகம் தொலைந்தது. எனக்கு இதைப் படித்தபோது நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பாலத்தை ஒரு கரையிலிருந்து மட்டும், அதுவும் ஏழு வயதுப் பிள்ளையே கட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ரோட்டில் கையை விட்டுவிட்டு ஓடுகிறானா, தன்னையோ மற்றவர்களையோ கடிக்கிறானா, தலையைச் சுவரில் முட்டுகிறானா? அதற்கெல்லாம் கட்டாயம் உதவி வேண்டும், அதுவும் ஏன் செய்கிறான் என்று பார்த்து. கழிப்பறைப் பழக்கம், ரோடு தாண்டுவது, வலிக்கிறது என்று சொல்வது, வேண்டாம் என்று சொல்வது, பிற்பாடு காசு எண்ணுவது, இதெல்லாம் அவனுக்கு வாழ்நாள் முழுக்க வேண்டும். எவ்வளவு மெதுவாக வந்தாலும் சொல்லிக் கொடுங்கள். கை உதறுவதாலும் தரையைப் பார்த்துப் பேசுவதாலும் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. அதை விட்டுவிடுங்கள். குளியலறைக் கதவைத் திறந்து வையுங்கள். கூடத்திலேயே உதறட்டும்.

சிறப்பு ஆசிரியர் (சென்னை):

நான் பல வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். மதுரை சகோதரி எழுதியதை எங்கள் பயிற்சி வகுப்புகளில் வாசிக்க வேண்டும்.

சென்டரில் செய்வது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1987-ல் கலிஃபோர்னியாவில் இவார் லோவாஸ் என்ற உளவியலாளர், சிறு குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி கொடுத்து ஒரு ஆய்வு வெளியிட்டார். 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் நிலைக்கு வந்தார்கள் என்றார். உலகம் முழுக்க அது பரவியது. மற்ற பிள்ளைகளிடமிருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி ஆக்குவதுதான் அந்தக் காலத்து வெற்றி. அதட்டுவதும் தொடையில் அடிப்பதும்கூட அப்போது முறையின் பகுதியாக இருந்தன. இன்றைக்கு அடிப்பதில்லை, பல இடங்களில் நிறையவே மாறியிருக்கிறார்கள். ஆனால் வித்தியாசம் தெரியக் கூடாது என்ற அந்த இலக்கு மட்டும் பல சென்டர்களில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

கையைப் பிடித்து அழுத்துவதை நீங்கள் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். இதைப் பாசத்தால் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பாதுகாப்புக்காகச் சொல்கிறேன். ஒரு பெரியவர் நம் உடம்பைப் பிடித்தால் அழுதாலும் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டும், இருந்தால் மிட்டாய் கிடைக்கும் என்று ஒரு குழந்தைக்குத் தினமும் பழக்கினால், நாளைக்குத் தப்பான ஆள் ஒருவன் தொடும்போது அந்தக் குழந்தை என்ன செய்யும்? பேச்சு குறைவாக உள்ள பிள்ளைக்கு "வேண்டாம்" என்பதுதான் முதலில் வர வேண்டிய சொல். வாயால் வராவிட்டால் கையைக் காட்டட்டும், படத்தைத் தொடட்டும். படத்தைத் தொட்டால் பேசுகிற ஆவாஸ் செயலி நம் சென்னையிலேயே உருவானதுதான். அவன் வேண்டாம் என்றால் ஒரு முறையாவது நிறுத்திக் காட்டுங்கள். சொன்னால் நடக்கும் என்று தெரிந்தால்தான் மறுபடியும் சொல்வான்.

சென்டரில் போய்ச் சண்டை போட வேண்டாம். இலக்குகளை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இதனால் என் மகனுக்கு என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். அமர்வில் நான் உள்ளே உட்காரலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு இடம் பாருங்கள்.

பள்ளி விஷயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் ஆட்டிசம் தனியாகவே பட்டியலில் இருக்கிறது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி, பிள்ளையின் தேவைக்கு ஏற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது பிரிவு 16. யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் உடனே விண்ணப்பியுங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு எல்லாம் கேட்க மருத்துவச் சான்று வேண்டும்.

தமிழ்த்தாய் வாழ்த்து பற்றி. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையில், பாடும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு என்று இருக்கிறது. எழுந்து நிற்பதற்கே விலக்கு கொடுத்திருக்கிறார்கள். காதைப் பொத்துவதில் என்ன அவமரியாதை? 55 விநாடி பாட்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றால் ஒருவேளை அவனும் சேர்ந்து பாடுவான். சண்டையாகச் சொல்லாமல் இடம் மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள்.

செட்டிநாட்டு அப்பா (காரைக்குடி):

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். நான் என் பிள்ளைக்கு நல்லது நினைத்துச் செய்தவன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மதுரை அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். என் மகன் பள்ளிவிட்டு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய்ப் படுத்துக்கொள்கிறான். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது. படிப்பு பாரம் என்றுதான் நினைத்திருந்தோம். நீங்கள் வாய் திறக்காது என்று எழுதியது இதுதானா?

புலப்படம் (மதுரை):

ஐயா, உங்கள் மகனை நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது. வந்ததும் எதுவும் கேட்காதீர்கள். "எப்படி இருந்தது, டெஸ்ட் என்ன ஆச்சு" எதுவும் வேண்டாம். லைட்டை அணைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த நேரத்தில் டியூஷன் இருந்தால் நேரத்தைத் தள்ளிப் போட முடியுமா என்று பாருங்கள். அப்புறம், பதினாறு வயதுப் பையன், எழுதவோ டைப் அடிக்கவோ தெரியும் அல்லவா? உங்கள் போனிலிருந்து அவனுக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள். நேரில் சொல்லாததை எழுத்தில் சொல்லலாம். நான் அம்மாவிடம் முதலில் எல்லாவற்றையும் சொன்னது அடுத்த அறையிலிருந்து வாட்ஸ்அப்பில்தான்.

பொன்மலை அம்மா (திருச்சி):

அனைவருக்கும் நன்றி. தலைமை ஆசிரியையிடம் எழுதிக் கொடுத்தேன். நல்ல மனுஷி, உடனே ஒத்துக்கொண்டார். இப்போது பிரார்த்தனையின்போது வராண்டாவின் கடைசியில், அவனுக்குப் பிடித்த ஆயாம்மாவோடு நிற்கிறான். காதைப் பொத்துவது குறைந்திருக்கிறது. சென்டரில் கையைப் பிடிக்க மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனால் உள்ளே உட்காரக் கூடாதாம். வேறு இடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

மாமியாரிடம் மதுரைத் தங்கை எழுதியதை வாசித்துக் காட்டினேன். பொட்டைப் பார்க்கிற இடம் வந்ததும் "இன்னொரு தடவை படி" என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி, "கல்யாணத்துல யாராவது கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

இனி ஒரே பயம் தவில். முகூர்த்தத்துக்கு அவனைக் கூட்டிப் போகலாமா, வீட்டிலேயே விட்டுவிடலாமா?

புலப்படம் (மதுரை):

அக்கா, அவனுக்கு வர விருப்பம் இருந்தால் கூட்டிப் போங்கள். முந்தின நாள் சாயங்காலம், கூட்டம் சேர்வதற்கு முன்பே மண்டபத்துக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுங்கள். மேடை எது, சாப்பாட்டுக் கூடம் எது, எந்தக் கதவு வழியாக வெளியே வரலாம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். உங்களுக்கு ஒரு அறை ஒதுக்கினால் சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும். நாதஸ்வரக்காரர்கள் உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கடைசி வரிசை, ஓரத்து நாற்காலி. கெட்டிமேளம்தான் உச்சம். அட்சதை கொடுக்க ஆரம்பித்ததும் "இப்போ பெரிய சத்தம் வரும், கொஞ்ச நேரத்தில் நின்னுடும்" என்று சொல்லிவிட்டு வெளியே கூட்டி வந்துவிடலாம். வணக்கம் சொல்லு, பாட்டி கன்னத்தைத் தொட்டால் சிரி என்றெல்லாம் அன்றைக்கு எதுவும் வேண்டாம்.

காதுக்கு மாட்டுகிற மஃப் குழந்தைகள் அளவில் கிடைக்கும், பெரியவர்களுடையது வழுக்கி விழும். இப்போதே வாங்கி வீட்டில் மிக்ஸி ஓடும்போது போட்டுப் பழக்குங்கள். கல்யாணத்தன்று முதல் தடவையாகத் தலையில் மாட்டினால் அந்த இறுக்கமே அவனுக்குப் பொறுக்காது.